8 அடி சாஃப்ட் டாப்புக்கு அடுத்து என்ன போர்டு? 6'2" வாங்கலாமா?

ஈசிஆர்வாசி:

வணக்கம் எல்லோருக்கும். கோவளத்தில் வார இறுதிகளில் சர்ஃப் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும் 8 அடி சாஃப்ட் டாப்பில், அதாவது மேல்பக்கம் மெத்தென்ற நுரை வைத்த போர்டில்தான். வெள்ளை நுரையில் எழுந்து நிற்கிற கட்டம் தாண்டிவிட்டது. வெளியே போய் உட்கார்ந்து, உடையாத அலையை நானே பார்த்து, நானே பேடில் செய்து (படுத்துக் கையால் துழாவி) பிடிக்கிறேன், பின்னாலிருந்து யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. வலப்பக்கம் அலையோடு ஓரளவு தூரம் ஓடவும் முடிகிறது. ஆனால் கீழே இறங்கித் திரும்பி மறுபடி மேலே ஏறலாம் என்று பார்த்தால் போர்டு அசைய மாட்டேன் என்கிறது. நான் காலை அழுத்தி முடிப்பதற்குள் அலை முன்னால் போய்விடுகிறது.

அதனால் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். தெரிந்த ஒருவர் 6 அடி 2 அங்குல ஷார்ட்போர்டு ஒன்றை நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். அடியில் அகலம் 18 3/4, கனம் 2 3/8 அங்குலம் என்று எழுதியிருக்கிறது, கன அளவு 29 லிட்டர். என் எடை 72 கிலோ, உயரம் 5 அடி 8. இதையே வாங்கிப் பழகிக்கொள்ளலாமா, இல்லை நடுவில் வேறு ஒன்று வேண்டுமா? 7 அடிப் பக்கம் போனால் கொஞ்ச நாளில் அதுவும் பெரிதாகத் தெரிந்து மறுபடி செலவு வைக்குமோ என்றுதான் யோசனை.

நீவாடு:

அந்த 6'2" வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் லிட்டர் கணக்கைப் பாருங்கள். நீங்கள் இப்போது ஓட்டுகிற 8 அடி சாஃப்ட் டாப் பெரும்பாலும் 80 லிட்டருக்கு மேல் இருக்கும். அதிலிருந்து 29 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஒரே தாவலில் இறங்குகிறீர்கள். உங்கள் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.4 லிட்டர் வருகிறது, அது வருஷக்கணக்கில் ஓட்டித் தோளில் வலு ஏறியவர்களின் அளவு. சாஃப்ட் டாப்பிலிருந்து முதல்முறையாக இறங்குகிறவருக்குக் கிலோவுக்கு 0.65 முதல் 0.75 வரை வைத்துக்கொள்வது நல்லது. 72 கிலோவுக்கு அது 47 முதல் 54 லிட்டர். நீளம் 7'2"க்கும் 7'6"க்கும் இடையில், அகலம் 21 1/2 அங்குலத்துக்குக் குறையாமல், கனம் 2 3/4 அங்குலம். ஃபன்போர்டு என்றும் மினி மால் என்றும் சொல்கிற வகை.

29 லிட்டரில் கோவளத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் படுத்ததுமே போர்டு நெஞ்சோடு தண்ணீருக்குள் அமிழும். அமிழ்ந்த போர்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் போகும், வழுக்கிக்கொண்டு போகாது. பேடில் வேகம் வராததால் அலை நன்றாக எழுந்து உடையப் போகும் கடைசி நொடியில்தான் அது உங்களைத் தூக்கும். அங்கே ஒரே வீச்சில் எழுந்து, கால் சரியான இடத்தில் விழ வேண்டும், முழங்காலில் ஒருமுறை நின்று எழ நேரமே இருக்காது. நம் கரையில் பெரும்பாலான நாள் இடுப்பு உயர அலைதான், அதிலும் பல நாள் தளர்ந்த அலை. அப்படிப்பட்ட அலை சின்ன போர்டைத் தள்ளவே தள்ளாது. காலை முழுவதும் உட்கார்ந்து இரண்டு மூன்று அலையோடு கரையேறுவீர்கள். அலை பிடிக்காமல் எந்தத் திருப்பத்தைப் பழகுவது?

இன்னொன்று ராக்கர், அதாவது போர்டின் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் அளவு. ஷார்ட்போர்டில் இந்த வளைவு அதிகம், செங்குத்தான அலையில் மூக்கு குத்தாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். தட்டையான அலையில் அதே வளைவு பிரேக் போட்டுவிடும். நம் கடலுக்கு வளைவு குறைந்த, மூக்கு அகலமான போர்டு வேண்டும்.

திரும்பவில்லை என்று சொன்னீர்கள் அல்லவா, அதில் பாதி போர்டு, பாதி கால். சாஃப்ட் டாப்பில் எல்லோரும் நடுவில் நின்று பழகுகிறோம், ஏனென்றால் அங்கே நின்றால்தான் விழமாட்டோம். திரும்ப வேண்டுமென்றால் பின்கால், போர்டின் அடியில் வால் பக்கம் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்களுக்கு மேல் வர வேண்டும், பார்வையும் தோளும் போக வேண்டிய பக்கம் முதலில் திரும்ப வேண்டும். அடுத்த வாரமே இதே 8 அடி போர்டில், நல்ல வேகம் இருக்கும்போது பின்காலை ஒரு அடி பின்னால் நகர்த்திப் பாருங்கள். மூக்கு தண்ணீரை விட்டுத் தூக்கி, போர்டு மெதுவாகவாவது சுற்றும். அது உங்களுக்கு வந்துவிட்டால் 7'4"இல் அதே அசைவு பாதி நேரத்தில் நடக்கும்.

பொத்துவில்காரன்:

நீவாடு சொன்னது சரி. வாங்குவதற்கு முன்னால் நாலைந்து அளவுகளை ஓட்டிப் பார்க்க முடிந்தால் இந்தக் கேள்விக்குத் தானாகவே விடை கிடைக்கும். எங்கள் பக்கம், இலங்கையின் அறுகம்குடாவில் வாடகைக் கடைகளில் 6 அடியிலிருந்து 9 அடி வரை எல்லா அளவும் அடுக்கி வைத்திருப்பார்கள், காலையில் ஒன்றை எடுத்து மாலையில் வேறொன்றுக்கு மாற்றலாம். மே முதல் அக்டோபர் வரை சீசன். கோவளம் போலவே இங்கும் கரை முனையை ஒட்டி வலப்பக்கம் ஓடும் பாயிண்ட் அலைதான், ஆனால் நீளம் கூட. நீண்ட அலை என்றால் ஒரே ஓட்டத்தில் நாலு தரம் திருப்பிப் பார்க்கலாம். சின்னக் கடற்கரை அலையில் ஒரு திருப்பத்தோடு கதை முடிந்துவிடும்.

மெயின் பாயிண்ட்டுக்கு நேரே போக வேண்டாம். அடியில் பாறை, ஆட்களும் அதிகம். பேபி பாயிண்ட், இல்லாவிட்டால் வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீனட் ஃபார்ம் என்று உங்கள் நிலைக்குத் தோதான இடங்கள் இருக்கின்றன. வெள்ளன போங்கள், பத்து மணிக்குப் பிறகு காற்று கூடிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சாஃப்ட் டாப்பில் விழுந்தால் போர்டு யார் மேல் பட்டாலும் பெரிய காயம் வராது. கண்ணாடி இழை போர்டு அப்படியில்லை, மூக்கும் ஃபின்னும் வெட்டும். 50 லிட்டர் போர்டை அலைக்கு அடியில் அமுக்கி டக் டைவ் செய்ய முடியாது, அதனால் டர்ட்டில் ரோல் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். இரண்டு பக்க விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக் கவிழ்ந்து, அலை மேலே போனதும் மறுபடி புரண்டு எழ வேண்டும். அலையைப் பார்த்ததும் போர்டைப் பின்னால் வீசிவிட்டு முங்குகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிட்டுத்தான் புது போர்டு வாங்க வேண்டும், பின்னால் வருகிறவரின் முகம் முக்கியம்.

மீன்வால்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 29 லிட்டர் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 7'4" மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். 6'4" அல்லது 6'6" ஃபிஷ், அகலம் 21 1/2, 42 லிட்டர் பக்கம் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். தட்டையான போர்டு, அகலமான இரட்டை வால், இரண்டு ஃபின். தளர்ந்த சின்ன அலையில் ஃபிஷ் தானாகவே வேகம் எடுக்கும், ஷார்ட்போர்டு மாதிரி காலால் பம்ப் செய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. ஸ்டீவ் லிஸ் 1960களில் சான் டியேகோவில் முதல் ஃபிஷ்ஷைச் செய்ததே முழங்காலிட்டு ஓட்டுகிற நீபோர்டாகத்தான், அதற்காகத்தான் அவ்வளவு குட்டையாகவும் அகலமாகவும் வைத்தார். அந்த உருவம் இன்றும் நம் மாதிரிக் கடலுக்குப் பொருத்தமாக இருக்கிறது. மறுபடி செலவு வைக்கக் கூடாது என்று சொன்னீர்கள், ஃபிஷ் என்றால் வருஷக்கணக்கில் கையில் வைத்திருக்கலாம்.

நீவாடு:

ஃபிஷ் எனக்கும் பிடிக்கும், இரண்டாவது போர்டாக. வாரத்தில் நாலு நாள் கடலில் இறங்குகிறவர் என்றால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்வேன். இவர் வார இறுதியில் மட்டும் வருகிறார். ஐந்து நாள் மேசைமுன் உட்கார்ந்த தோளோடு சனிக்கிழமை வந்து 42 லிட்டரை பேடில் செய்தால் முதல் அரைமணி நேரத்திலேயே கை ஓய்ந்துவிடும்.

நீரோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையோரம் தண்ணீர் வடக்கே இழுக்கும், வடகிழக்கு வந்துவிட்டால் தெற்கே. வலுவாக இழுக்கிற நாளில் அலை பிடிப்பதற்குச் செலவாகும் சக்தியைவிட இருந்த இடத்திலேயே இருப்பதற்குச் செலவாவதுதான் அதிகம். அன்றைக்கு 50 லிட்டர் போர்டில் கூடுதலாக இருக்கும் அந்த 8 லிட்டரின் அருமை தெரியும்.

7'4"ஐ விற்பது கஷ்டமே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சாஃப்ட் டாப்பிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் தேடுவது அந்த அளவைத்தான். நல்லபடியாக வைத்திருந்தால் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே கைமாறும்.

ஈசிஆர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பின்காலைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், போர்டு உண்மையிலேயே சுற்றுகிறது, இரண்டு தடவை சரியாக வந்தது! 6'2"ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகாபலிபுரத்தில் ஒருவரிடம் 7'4" x 21 3/4 x 2 3/4, 50 லிட்டர், எபாக்சி போர்டு இருக்கிறது. பழையது, அங்கங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

ரெசின்கை:

தம்பி, பழைய போர்டு சரிசெய்கிற வேலைதான் எனக்கு, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போர்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மெல்லிய மடிப்புக் கோடு தெரிந்தால் அந்த போர்டு ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது, ஒட்டியிருந்தாலும் அதே இடத்தில் ஒருநாள் இரண்டாக உடையும். அதை வாங்க வேண்டாம். மேல்பக்கம் குதிகால் பட்ட சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றால் ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள், எங்காவது தோல் அமுங்கி அமுங்கி எழுந்தால் உள்ளே நுரையிலிருந்து கண்ணாடி இழை பிரிந்துவிட்டது என்று பொருள். முன்கால் வைக்கிற இடத்தில்தான் இது அதிகம் வரும்.

அடுத்து ஃபின் பொருத்துகிற பெட்டிகள். ஃபின்னைப் பிடித்து இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டுங்கள், பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அப்போது வாய் திறக்கும். முடிந்தால் கடலில் ஒருமுறை இறக்கி ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கரைக்கு வந்ததும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, விரிசல் கீழே வருமாறு சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் துடைத்த இடத்தில் மறுபடி ஒரு சொட்டு வந்து நிற்கும். எபாக்சி போர்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மகோல் வகை நுரை, பியூ (பாலியூரிதேன்) நுரையைவிட அது தண்ணீரைச் சீக்கிரம் இழுக்கும். உப்பு நீர் ஏறிய போர்டு கனத்துவிடும், தூக்கும்போதே கைக்குத் தெரியும்.

ஒட்டுப்போட்ட இடங்களில் எந்த ரெசின் பூசினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் தெர்மகோல் நுரையைக் கரைத்துவிடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பொந்து விழுந்திருக்கும். விரல் நகத்தால் தட்டினால் சுற்றியுள்ள இடத்தைவிடப் பொள்ளென்று சத்தம் வரும். இந்த போர்டுக்கு எப்போதும் எபாக்சி ரெசின்தான், நீங்களே ஒட்டினாலும் அதுதான்.

வாங்கிய பிறகு காரில் பூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் உள்ளிருக்கும் காற்று விரிந்து தோல் கொப்புளம் மாதிரி எழும்பிவிடும், அப்படி எழும்பிய போர்டை என்னிடம் கொண்டுவந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. நிழலில் வையுங்கள், வெள்ளி நிற உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நீவாடு:

அளவு கச்சிதம். லீஷ், அதாவது போர்டைக் காலோடு கட்டுகிற கயிறு, 7 அல்லது 8 அடி போதும், போர்டோடு வருவது நைந்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள். மூன்று ஃபின் போடுகிற போர்டாக இருந்தால் மீடியம் அளவு எடுங்கள், உங்கள் எடைக்கு அதுதான். சாஃப்ட் டாப் மேல் வாக்ஸ் (கால் வழுக்காமல் இருக்கப் பூசுகிற மெழுகு) இல்லாமலே நின்று பழகியிருப்பீர்கள், இதில் முடியாது, டிராபிகல் என்று எழுதிய வாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள், மற்றவை நம் தண்ணீரின் சூட்டுக்கு இளகிவிடும். முதல் ஓரிரு வாரம் எழுவதற்கே தடுமாறும், அப்போது 8 அடிக்குத் திரும்பிவிடாமல், அலை சின்னதாக இருக்கிற காலையாகப் பார்த்து இதையே எடுத்துக்கொண்டு போங்கள்.