ஃப்ரெட் ஆலன் வானொலி நிகழ்ச்சிகளின் இருவேறு பதிவுகள் கிடைக்குமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க வானொலி நகைச்சுவையாளர் ஃப்ரெட் ஆலனின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு வரும் எனக்கு ஓர் உதவி தேவைப்படுகிறது.

1940 மார்ச் 20 அன்று, நேரலையில் விருந்தினராகக் கொண்டுவரப்பட்ட ராம்ஷா என்னும் கழுகு, தன் பயிற்சியாளரின் கையை விட்டுப் பறந்து, பார்வையாளர்களின் தலைக்கு மேலே வட்டமிட்டு, அரங்கத்தில் எச்சமும் இட்டது. எழுதி வைத்த உரையாடல் அத்துடன் பயனற்றுப் போக, கழுகின் ஒவ்வோர் அசைவுக்கும் ஆலன் அந்த நொடியில் தோன்றியதைச் சொல்லிச் சமாளிக்கும் பகுதி, நேர்த்தியாக ஒத்திகை பார்த்த அவருடைய நாடகங்களைவிட எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. சக வானொலி நகைச்சுவையாளர் ஜாக் பென்னியுடன் அவர் நடத்திய பொய்ச்சண்டையும், 1936 டிசம்பரில் ஒரு சிறுவன் வயலின் வாசித்து முடித்தபின் போகிற போக்கில் பென்னியைச் சீண்டிய பேச்சிலிருந்து வளர்ந்ததுதானே!

அக்காலத்தில் கிழக்கு, மேற்குக் கரையோர நேயர்களுக்காக ஒரே நிகழ்ச்சியைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை நேரலையாக நடத்துவது வழக்கம். அவ்விரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டால், எது எழுதியது, எது வாய்க்கு வந்தது என்பதை ஓரளவு பிரித்தறியலாம் என்று நினைக்கிறேன். அப்படி இரண்டும் தப்பிப் பிழைத்த நிகழ்ச்சி ஏதேனும் உங்கள் சேகரிப்பில் இருந்தால், தேதியுடன் தெரிவிக்க வேண்டுகிறேன். பாஸ்டன் பொது நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தொலைவிலிருந்து பார்வையிடும் வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.