கொழிஞ்சாம்பாறை போர்வெல் தண்ணியில் ஃப்ளூரைடு: ஆர்சனிக் வடிகட்டிப் பொருள் இதற்கு உதவுமா?

எல்லைக்கல்:

எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருசம். ப்ராஜெக்டுக்கு ஐந்து மாசம் கிடைக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி போர் தண்ணியில ஃப்ளூரைடு தொல்லை இருக்குங்கறது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கையில இருக்கிற தண்ணியோட ரிப்போர்ட்: ஃப்ளூரைடு 3 மி.கி./லி., பி.எச். 8.1, அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கற சக்தி, கால்சியம் கார்பனேட் கணக்குல) 420 மி.கி./லி., டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு மொத்தம்) 900, கால்சியம் ரொம்பக் கம்மி.

சென்னை ஐ.ஐ.டி. பிரதீப் சாரோட, இரும்பு ஆக்சைடு வெச்ச ஆர்சனிக் வடிகட்டி பத்திப் படிச்சேன். அந்த இரும்புப் பொருளையே ஃப்ளூரைடுக்குப் போட்டா வேலை செய்யுமா? இல்ல, கைடு சொல்ற மாதிரி கிராஃபீன் ஆக்சைடு (மெல்லிய கார்பன் ஏடு) கலவை ஏதாவது செய்யறதா? இதே துறையில பி.எச்டி. போகணும்னா இப்ப எதைக் கத்துக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

படிகாரம்:

இரும்பு ஓரளவு பிடிக்கும், ஆனால் உங்கள் தண்ணிக்குப் போதாது. ஏன் என்பதை முதலில் கணக்காகப் பாருங்க.

குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளைக்கு 20 லிட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 0.1 மி.கி. ஆர்சனிக் உள்ள வங்காளத்துத் தண்ணியை 0.01க்கு இறக்க, பொருள் நாளொன்றுக்குப் பிடிக்க வேண்டியது 1.8 மி.கி. உங்கள் தண்ணியை 3லிருந்து 1க்கு இறக்க 40 மி.கி. பிடிக்கணும். பிடிமான இடங்களுக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். ஆர்சனிக்கை 75ஆலும் ஃப்ளூரைடை 19ஆலும் வகுத்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 90 மடங்கு. மாதக்கணக்கில் ஓடும் ஆர்சனிக் கேட்ரிட்ஜ் அளவில் ஒரு ஃப்ளூரைடு வடிகட்டி செய்தால் சில நாளில் தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். பொருள் மட்டம் என்று அர்த்தமில்லை.

அடுத்தது பிணைப்பு. ஆர்சனேட் இரும்பு ஆக்சைடு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காரும். ஃப்ளூரைடு சின்ன அயனி, தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்திக்கொண்டு திரிவது. அதற்கு இரும்பைவிட அலுமினியம்தான் பிடித்த இடம். அதனால்தான் உலகம் முழுக்க ஃப்ளூரைடுக்கு ஆக்டிவேட்டட் அலுமினாவும் படிகாரமும் போடுகிறார்கள். ஆந்திராவின் நல்கொண்டாவில் (இப்போது தெலங்கானா) நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் செய்து காட்டிய முறையும் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் தான். பிரதீப் குழுவே நானோ செல்லுலோஸ் சேர்த்த உலோக ஆக்சி ஹைட்ராக்சைடு கலவையை ஃப்ளூரைடுக்காகத் தனியாகச் செய்து வெளியிட்டிருக்கிறது. ஆர்சனிக் பொருளை அப்படியே தூக்கிவந்து போடவில்லை என்பதைக் கவனியுங்க.

கிராஃபீன் ஆக்சைடு: என் அபிப்பிராயத்தில் வேண்டாம். அதன் மேற்பரப்பு உங்கள் பி.எச்.சில் எதிர்மின் ஏற்றம் உடையது, ஃப்ளூரைடும் எதிர்மின். கலவையில் வேலை செய்வது கடைசியில் அதில் நீங்கள் சேர்க்கும் அலுமினியமோ லாந்தனமோ தான். பேப்பருக்குத் தலைப்பு அழகாக இருக்கும், அவ்வளவே.

உங்கள் ரிப்போர்ட்டில் உண்மையான வில்லன் அல்கலினிட்டி. 420 என்றால் லிட்டருக்கு 8.4 மில்லிசமானம் பைகார்பனேட். ஃப்ளூரைடு 0.16தான். அதாவது ஒரு ஃப்ளூரைடைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட பைகார்பனேட்டுகள் அதே இடத்துக்கு முட்டி மோதுகின்றன. கூடவே அலுமினா மேற்பரப்பின் ஏற்றம் பூஜ்யமாவது பி.எச். 8 சொச்சத்தில்; 5.5–6இல்தான் அது நன்றாக ஃப்ளூரைடை இழுக்கும். அமிலம் விட்டு இறக்கலாமே என்றால், இந்தத் தண்ணியை 6க்குக் கொண்டுவர ஆயிரம் லிட்டருக்குச் சுமார் அரை லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேணும். அங்கன்வாடியில் அதை யார் தினமும் அளந்து ஊற்றுவார்கள்?

ப்ராஜெக்டை இப்படி வையுங்க. ஒரே பொருள் (கடையில் கிடைக்கும் அலுமினா, 0.3–0.6 மி.மீ.), மூன்று தண்ணி. முதலாவது, வாலைவடி நீரில் ஃப்ளூரைடு 3 மி.கி. மட்டும். இரண்டாவது, அதிலேயே லிட்டருக்கு 0.7 கிராம் சோடியம் பைகார்பனேட். மூன்றாவது, போர் தண்ணி அப்படியே. மூன்றுக்கும் கிடைக்கும் கொள்ளளவு வித்தியாசமே உங்கள் தீசிஸ். முதலாவதை மட்டும் செய்துவிட்டு "கிராமுக்கு இத்தனை மி.கி." என்று எழுதின பேப்பர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அந்த எண்ணை நம்பி யாரும் ஒரு குடம் தண்ணி சுத்தம் செய்ய முடியாது.

நெடுவரிசை:

படிகாரம் சொன்னதோடு செய்முறை கொஞ்சம்.

ஸ்டாக்: 221 மி.கி. உலர்ந்த சோடியம் ஃப்ளூரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் 100 மி.கி./லி. இதில் 30 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் உங்கள் 3 வரும். கண்ணாடிப் பாட்டில் கூடாது, எல்லாமே பாலிஎத்திலீன்.

பேட்ச் சோதனை: 100 மி.லி. தண்ணி, அலுமினா 0.1, 0.2, 0.5, 1, 2 கிராம், ஒவ்வொன்றும் மூன்று பாட்டில், 24 மணி நேரம் குலுக்கல். பொருள் போடாத பாட்டில் ஒன்றும் கூடவே ஓடணும். இல்லையென்றால் பாட்டிலே பிடித்ததையும் பொருளின் கணக்கில் எழுதிவிடுவோம். தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். குறியுங்க. ஃப்ளூரைடு உள்ளே போகும்போது ஹைட்ராக்சில் வெளியே வரும், அதனால் வாலைவடி நீரில் பி.எச். ஏறும். போர் தண்ணியில் பைகார்பனேட் தாங்கிக்கொள்வதால் அவ்வளவாக நகராது. தூள் இருந்தால் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்.

ஐசோதெர்ம் (தண்ணியில் மிஞ்சியதற்கு எதிராகப் பொருள் பிடித்த அளவைக் காட்டும் வளைவு) போட ஃப்ளூரைடு செறிவை 50, 100 என்று ஏற்றாதீங்க. உங்கள் கிணற்றில் அது கிடையாது. பொருளின் அளவை மாற்றிப் போடுங்க, செறிவு 3லேயே இருக்கட்டும்.

அளக்க அயனித் தேர்வு மின்முனைதான் நல்லது. டிசாப் கரைசலை (மாதிரியின் பி.எச்., உப்புச் செறிவை ஒரே நிலையில் வைப்பது) நீங்களே செய்யலாம்: 500 மி.லி. நீரில் கிளேசியல் அசிட்டிக் அமிலம் 57 மி.லி., சோடியம் குளோரைடு 58 கிராம், சி.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) 4 கிராம். குளிர்நீர்த் தொட்டியில் வைத்து 6 நார்மல் காஸ்டிக் சோடாவை மெல்ல விட்டு பி.எச். 5.3–5.5 வந்ததும் ஒரு லிட்டராக்குங்க. மாதிரியும் டிசாப்பும் சரிபாதி. சி.டி.டி.ஏ.வைச் சிக்கனம் பண்ணி விட்டுவிடாதீங்க. அலுமினாவிலிருந்து கசியும் அலுமினியம் ஃப்ளூரைடைக் கட்டிப்போட்டு மின்முனை கண்ணில் படாமல் மறைத்துவிடும். அந்தக் கட்டை அவிழ்ப்பது சி.டி.டி.ஏ.தான். 0.5, 1, 2, 5, 10 மி.கி. தரக்கரைசல்களில் சரிவு பத்து மடங்குக்கு 54–60 மில்லிவோல்ட் வரணும். வரவில்லையென்றால் அன்று அளந்த எதையும் எழுத வேண்டாம். கலக்கியின் சூடு ஏறாமல் பீக்கருக்கு அடியில் ஒரு தெர்மோகோல் துண்டு.

அடுத்து காலம் சோதனை, அதாவது அலுமினா நிரப்பின குழாய் வழியே தண்ணியை ஓட்டுவது. உள்விட்டம் 2.5 செ.மீ., படுகை உயரம் 20 செ.மீ. என்றால் படுகைக் கன அளவு 98 மி.லி., அலுமினா ஏறக்குறைய 80 கிராம். நிமிடத்துக்கு 10 மி.லி. ஓட்டினால் தொடர்பு நேரம் பத்து நிமிடம். போர் தண்ணியில் கிராமுக்கு 1 மி.கி. பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 40 லிட்டரில், சுமார் 400 படுகைக் கன அளவில், வெளியேறும் தண்ணி 1 மி.கி.யைத் தொடும். மூன்று நாளுக்குள் முடிகிற சோதனை, ராத்திரியும் மாதிரி எடுக்க ஆள் வேணும். நிரப்புமுன் அலுமினாவைக் கழுவித் தூளைப் போக்குங்க. தண்ணி மட்டம் படுகைக்குக் கீழே இறங்கினால் காற்று புகுந்து வழி விழும், வளைவு திடீரென்று முன்னாலேயே ஏறும். பொருள் கெட்டுவிட்டது என்று அப்போதுதான் தப்பாக முடிவு செய்வார்கள்.

மீளுருவாக்கம் (தீர்ந்த அலுமினாவை மறுபடி பிடிக்க வைப்பது): 1 சதவீத காஸ்டிக் கீழிருந்து மேலாக, பிறகு நல்ல தண்ணி, பிறகு 0.05 நார்மல் கந்தக அமிலம், வெளியேறும் பி.எச். 8க்குக் கீழே வரும்வரை. அந்தக் காஸ்டிக் கழிவில் ஃப்ளூரைடு செறிந்திருக்கும், தென்னந்தோப்பு வாய்க்காலில் கொட்டக்கூடாது. நடுநிலையாக்கி, கால்சியம் குளோரைடு தாராளமாகப் போட்டு வீழ்படிவாக்குங்க. அப்போதும் மேலே நிற்கும் தண்ணியில் சில மி.கி. மிஞ்சும், அதைக் குடிநீர் மூலத்தில் சேர்க்க முடியாது.

கணக்குப் பகுதியில் ஒன்று: போலி இரண்டாம் படி வேகச் சமன்பாட்டுக்கு ஆர் ஸ்கொயர் 0.99 வந்தது, ஆகவே வேதிப் பிணைப்பு என்று எழுதாதீங்க. அந்த வரைபடத்தில் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது, எந்தத் தரவைப் போட்டாலும் கோடு நேராகத்தான் வரும்.

வேலந்தாவளம்:

இத்தனை பாடு எதுக்கு, ஒரு ஆர்.ஓ. போட்டா முடிஞ்சதே?

படிகாரம்:

வீட்டுக்குள்ளே முடியும், வெளியே முடியாதுங்க. வீட்டு ஆர்.ஓ. நூறு லிட்டருக்கு முப்பது கொடுத்தால், மீதி எழுபதில் ஃப்ளூரைடு 4.2 மி.கி. ஆகிவிடும். மழை குறைந்த இந்தக் கிழக்குப் பக்கத்தில் அந்த எழுபதும் மறுபடி மண்ணுக்குத்தான் போகுது. ஆற்றுத் தண்ணிக் குழாய் இருக்கிற தெருவாக இருந்தால் கலப்பதே மலிவு: ஆற்றில் 0.3, போரில் 3 என்றால் நாலில் ஒரு பங்கு போர் கலந்தாலும் 1க்குள் நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 கேட்பது 1.0தான், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5.

கண்ணாடிக்குடுவை:

பி.எச்டி. கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, அதனால் இது.

பிரதீப் மலப்புரம் மாவட்டத்துப் பந்தாவூர்க்காரர். பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸியில் 1991இல் பி.எச்டி., பெர்க்லியிலும் பர்டூவிலும் மேலாய்வு, 1993இல் சென்னை ஐ.ஐ.டி. தண்ணியில் தொடங்கியவர் இல்லை. மேற்பரப்பு அறிவியல், நிறமாலை, நிறை நிறமாலைமானி, இவைதான் அடித்தளம். வெள்ளி நானோ துகள் மேல் கார்பன் டெட்ராகுளோரைடு சிதைவதை அவர் குழு 2003இல் வெளியிட்டது. அதே வினை எண்டோசல்ஃபான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளுக்கு நீண்டது, 2007 வாக்கில் வீட்டு வடிகட்டிக்குள் போனது. அந்த மருந்தால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டுக்காரர்களுக்கு எண்டோசல்ஃபான் யாரென்று சொல்ல வேண்டாம்.

2013இல் வந்தது கைட்டோசானும் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) அலுமினியம் ஆக்சி ஹைட்ராக்சைடும் சேர்ந்த குருணை, உள்ளே வெள்ளித் துகள். தண்ணியில் கரையும் உப்புகள் வெள்ளி மேல் படிந்து அதைச் சாகடிப்பதுதான் பழைய சிக்கல். இந்தக் கூண்டு அதைத் தடுத்து, லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவில் வெள்ளியைச் சீராக விட்டது. உங்கள் பைகார்பனேட் சிக்கலும் இதே இனம்: நிஜத் தண்ணியில் உள்ள மற்ற உப்புகளோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்பது. ஆர்சனிக்குக்கு வந்த இரும்புப் பொருளிலும் அதே உத்தி. அதிலுள்ள ஃபெர்ரிஹைட்ரைட் (சரியாகப் படிகமாகாத இரும்பு ஆக்சைடு) நாளாக ஆக கோத்தைட், ஹேமடைட் என்று படிகமாகிப் பிடிமானத்தை இழக்கும். கைட்டோசான் அதை முதிரவிடாமல் வைத்திருக்கிறது. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) எடுத்தால் அகலமான இரண்டு மேடு மட்டும் தெரியும், கூர்மையான கோடுகள் முளைத்தால் பொருள் கெட ஆரம்பித்துவிட்டது.

2008இல் பட்நாகர் விருது, 2020இல் பத்மஸ்ரீ. இதையெல்லாம்விட, உங்களுக்கு ஒரு பாடம் வேணுமென்றால் 2024இல் சயன்ஸ் இதழில் வந்த பேப்பரைப் பாருங்க: மின்னேற்றமுள்ள நுண்துளிகளுக்குள் கனிமத் துகள்கள் தாமாக உடைந்து நானோ துகளாவது. தண்ணிச் சுத்திகரிப்பாளர் என்று நாம் பெயர் வைத்த ஆள் இன்னமும் துளியையும் நிறமாலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் இப்போது பிடித்துக்கொள்ள வேண்டியது அளவீட்டுக் கருவி. எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பில் என்ன தனிமம் என்று காட்டும்), ராமன் (ஒளிச்சிதறல் நிறமாலை), ஐசிபி-எம்எஸ் (நுண்ணளவு உலோகத்தை அளக்கும்), இதில் ஒன்றையாவது பொத்தான் அமுக்கும் அளவுக்கு மேல் கற்றுக்கொள்ளுங்க. நெட்-ஜே.ஆர்.எஃப். அல்லது கேட் நுழைவுத் தேர்வு எழுதணும், ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐ.ஐ.டி., திருவனந்தபுரத்தில் என்.ஐ.ஐ.எஸ்.டி. ஆய்வு நிறுவனம், கோழிக்கோட்டில் நீர்வள மையம். ப்ராஜெக்டுக்கே கருவி நேரம் கேட்டு எழுதிப் பார்க்கலாம், மாதிரிகளின் எண்ணிக்கையையும் என்ன அளக்கணும் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்க.

எல்லைக்கல்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரே சிக்கல், டிபார்ட்மெண்டில் ஃப்ளூரைடு மின்முனை இல்லை. ஸ்பாட்ன்ஸ் (ஃப்ளூரைடு கூடக்கூட நிறம் வெளிறும் சாயம்) வெச்சு கலரிமீட்டர்ல பார்க்கலாமா?

நெடுவரிசை:

போர் தண்ணியை அப்படியே பார்க்க ஓகே, அல்கலினிட்டி தொந்தரவு கொஞ்சம் இருக்கும். அலுமினா வழியாக வந்த தண்ணிக்கு நேரடியாக வேண்டவே வேண்டாம். 0.1 மி.கி. அலுமினியம் கசிந்தாலே ஃப்ளூரைடு அதே அளவுக்குக் குறைவாகக் காட்டும், உங்கள் பொருள் இல்லாத திறமையைக் காட்டும். வேறு வழியில்லை என்றால் மாதிரியை அமிலத்தில் காய்ச்சி வடித்துவிட்டுப் பாருங்க. இல்லையென்றால் வாட்டர் அத்தாரிட்டி லேபில் கேட்டு, ஐந்தில் ஒரு மாதிரியையாவது மின்முனையில் ஒப்பிட்டுக்கொள்ளுங்க. அலுமினியத்தையும் தனியாக அளக்கணும், அதற்கும் 0.03 மி.கி. என்று வரம்பு இருக்கு.