குதிக்கும் சிலந்தி, 1:1 மேக்ரோ (சென்சாரில் நிஜ அளவிலேயே விழும் நெருக்கப் படம்): கண்ணில் கூர்மை வரவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
100 மிமீ மேக்ரோ லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/22 (எண் கூடினால் துளை சிறிது), 1/200 நொடி, ஐஎஸ்ஓ 200, கேமரா மேல் ஃப்ளாஷ். படம் முழுக்க மசமசவென்று இருக்கிறது, கண்களில் வெள்ளைப் புள்ளி எரிகிறது, பின்னணி கறுப்பு. தயங்காமல் குறை சொல்லுங்கள்.

பதில் 1:
முன்கால் ரோமங்களில் வெளிச்சம் விழுந்த விதம் அருமை, அதை விட்டுவிடாதீர்கள். மசமசப்புக்குக் காரணம் எஃப்/22. 1:1-ல் அது எஃப்/44 போல வேலை செய்யும். டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) நுணுக்கத்தைத் தின்றுவிடும். எஃப்/11-க்கு வாருங்கள். அங்கே கூர்மையின் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் பகுதி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அதனால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, நடுவிலுள்ள இரண்டு பெரிய கண்களும் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். நிறைய எடுங்கள், பெரும்பாலானவை வீணாகத்தான் போகும்.

பதில் 2:
கண்ணில் எரிவது ஃப்ளாஷின் பிரதிபலிப்பு. டிஃப்யூசரை (ஃப்ளாஷ் ஒளியை மென்மையாக்கும் திரை) லென்ஸ் நுனிவரை நீட்டுங்கள். சிலந்திக்குக் கிட்டே வரவரத்தான் ஒளி பரந்து மென்மையாகும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு, பின்னணி கறுத்தது அதனால்தான். சில செ.மீ. பின்னால் ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேடுங்கள்.

கேட்டவர்:
எஃப்/11-ல் கண்ணோர ரோமங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன! ஆனால் முன்கால் நுனி மங்கல்.

பதில் 1:
மங்கட்டும். கண் கூர்மையாக இருந்தால் போதும்.