பொங்கல் லீவுல ஈசிஆர்ல லாங் ரைடு, வழியில சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: போகி அன்னிக்கு கிளம்பி சென்னையிலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் தனியா சைக்கிள்ல போலாம்னு இருக்கேன். ஹோட்டல், பஞ்சர் கடை எல்லாம் மூடியிருக்குமே, எப்படி சமாளிக்கிறது?

பதில் 1: தாராளமா போங்க ப்ரோ. டீக்கடை பாதி இருக்காது, அது உண்மைதான். ஒரு பொங்கலுக்கு கடலூர் தாண்டி ஒரு வீட்டுல பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கலாமான்னு தான் கேட்டேன், அந்தம்மா "நல்ல நாளும் அதுவுமா வெறும் தண்ணியா, உக்காரு தம்பி"ன்னு வாழையிலை போட்டு சக்கரைப் பொங்கல், மொச்சைக் கொழம்புன்னு வெச்சு, கிளம்பும்போது கேரியர்ல கரும்பையும் கட்டி விட்டாங்க. காசு மட்டும் நீட்டாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க.

பதில் 2: சாப்பாடு கிடைச்சிரும், ட்யூப் தான் கிடைக்காது. 700சி ட்யூப் (ரோடு சைக்கிள் சைஸ்), அதுவும் பிரெஸ்டா வால்வுன்னா (காத்தடிக்கிற மூக்கு ஒல்லியா இருக்கிற டைப்) ஊர்க்கடைல இருக்காது. ஸ்பேர் ட்யூப், பேட்ச் கிட், சின்ன பம்ப் கட்டாயம். காணும் பொங்கல் அன்னிக்கு மாமல்லபுரம் பக்கம் செம கூட்டமா இருக்கும், திரும்பி வர்றத அன்னிக்கு வெச்சுக்காதீங்க.

பதில் 3: நான் பொண்ணு, தனியா தான் ஓட்டுவேன். தைப்பூசத்துக்கு முன்னாடி திண்டுக்கல்-பழனி ரோட்டுல போய் பாருங்க, பாதயாத்திரை போறவங்களுக்கு வெச்ச பந்தல்ல மோரு, சாப்பாடுன்னு நம்மளையும் நிறுத்தி குடுக்கறாங்க, யாரு எந்த ஊருன்னு சாப்பிட்டு முடிச்சப்புறம் தான் கேக்கறாங்க. ராத்திரி மட்டும் ஓட்டாதீங்க ப்ளீஸ்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப தேங்க்ஸ். ட்யூப் இன்னிக்கே ஆர்டர் போடறேன். சிதம்பரத்துல சைக்கிள ரூமுக்குள்ள வெக்க விடற லாட்ஜ் எதாவது தெரியுமா?