புதுப்பிப்பு: எங்கள் பின் தெருக்கள் 'தனியார் சாலை' இல்லையாம்!

முன் தெருக்களுக்கு மட்டும் பேவர் பிளாக்கும் நடைபாதையும் போட்டுவிட்டு, எங்கள் பின் தெருக்களைத் தனியார் சாலை என்று கைகழுவிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதில் ஒரு திருப்பம். மனைப்பிரிவு அனுமதியின்போதே சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சர்வேயர் சொன்னார். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டோம், பத்திர நகல் வந்துவிட்டது. பின் தெருக்களும் அதில் இருக்கின்றன!

நகலைப் பார்த்ததும் பொறியாளர் நேரிலேயே வந்தார். முதலில் மழைநீர் வடிகால், அப்புறம்தான் சாலை என்கிறார். சரிதான், இல்லாவிட்டால் போட்டதையே மறுபடி தோண்டுவார்கள்.

இழுபறி, நடைபாதையில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தில்தான். 1:12 விகிதப்படி 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் வேண்டும், முன் தெருவில் 2 அடியில் முடித்துவிட்டார்கள். "நீங்களே இந்த நாற்காலியில உட்கார்ந்து ஏறிக் காட்டுங்க சார்" என்று எங்கள் தெரு அக்கா கேட்டதற்குப் பதிலே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ஐக் குறிப்பிட்டு, மதிப்பீட்டில் இதையும் சேர்க்கச் சொல்லித் தனி மனு தயார். முன் தெருக்காரர்களும் கையெழுத்துப் போடுங்கள், அந்தச் சாய்தளம் உங்களுக்கும் ஆபத்துதான்.