டவுட்டே கேக்காத ட்ரெய்னிகிட்ட எப்படிங்க குறை சொல்றது?

எட்டிமடைக்காரன்:
கேரளா பக்கம் கஞ்சிக்கோடுல ஒரு மெஷினிங் யூனிட்ல க்யூசி, அதாவது பீஸ் அளவு சரியான்னு சோதிக்கற வேலை பாக்கறேனுங்க, தெனமும் வாளையார் தாண்டிப் போய்ட்டு வர்ற ஆளு. புதுசா ரெண்டு ட்ரெய்னி. பாலக்காட்டுப் பையன் ஒவ்வொரு பீஸுக்கும் மைக்ரோமீட்டரத் தூக்கிட்டு "சேட்டா, இது ஓகேயா"ன்னு வந்து நிப்பான், திட்டுனாலும் சிரிச்சுட்டே போய் மாத்திட்டு வருவான். இன்னொருத்தன் நம்ம பொள்ளாச்சி சைடு, கைவேலை இவனவிட சுத்தம், ஆனா வாயே தொறக்க மாட்டேங்கறான், நானா போய் ஏதாச்சும் சொன்னா மூஞ்சி சுருங்கிருது. திமிரா, பயமா?

மலம்புழா_அக்கா:
திமிர்னு முடிவு கட்டிராதீங்க தம்பி. ஒருத்தன் வேலை கத்துக்கணும்னு வர்றான், இன்னொருத்தன் தெறமைசாலின்னு பேர் வாங்கணும்னோ, தெரியாதவன்னு பேர் வந்துரக்கூடாதுன்னோ வர்றான். மொத ஆளுக்கு ஃபீட்பேக் லாபம், ரெண்டாவது ஆளுக்கு கேக்கறதே மானப்பிரச்சன. வாண்டிவால், கம்மிங்ஸ்னு ரெண்டு ஆய்வாளருங்க 1997லயே இத சோதிச்சுப் பாத்தாங்க, கத்துக்கற நோக்கம் இருக்கறவங்க அதிகமா கேக்கறாங்க, காட்டிக்கற நோக்கம் இருக்கறவங்க கம்மியா கேக்கறாங்க. இன்னொண்ணு, கேக்காதவன் ஃபீட்பேக் தேடலேன்னு அர்த்தம் இல்ல. உங்க மூஞ்சியயும் பக்கத்து மெஷின்காரனயும் பாத்தே கணக்குப் போட்டுட்டிருப்பான், என்ன, அது பாதி தப்பாத்தான் இருக்கும்.

லேத்து_மாமா:
சொல்றவனுக்கும் நோக்கம் உண்டுங்கோ. எங்க லைன்ல ஒரு சீனியர், நல்லா தெரிஞ்ச ஆளு, ஆனா சின்னப் பசங்களுக்கு நுணுக்கம் ஒண்ணும் சொல்லமாட்டாரு, நாளைக்கு நம்மள முந்திருவான்னு கணக்கு. சொன்னாலும் "உனக்கு மூளையே இல்லயா"ம்பாரு. "இந்த ஓடி (வெளி விட்டம்) கூடுது, டூல் ஆஃப்செட்ட மாத்து"ன்னா வேலை நடக்கும், ஆளப் பத்தி பேசுனா அவன் மனசு வேலையில நிக்காது. க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளருங்க 1996ல பழைய ஆய்வெல்லாம் சேத்துப் பாத்தப்போ மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபீட்பேக் குடுத்ததுக்கு அப்பறம் வேலை இன்னும் மோசமாயிருந்துச்சாம்.

வேலந்தாவளம்77:
லைன் பூரா மலையாளம் பேசறப்போ அவன் ஒருத்தன் தமிழ்ல டவுட் கேட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்களே, அத யோசிச்சீங்களா? யாரு பீஸ் தப்பாச்சுன்னு ரிஜெக்ஷன் போர்டுல பேர் எழுதறீங்களா மொதல்ல அதச் சொல்லுங்க.

எட்டிமடைக்காரன்:
எழுதறோமுங்க, கேன்டீன் வாசல்ல, செவப்பு மார்க்கர்ல. மேனேஜர் வெச்சது, எடுக்கச் சொன்னா எடுப்பாரான்னு தெரியல. பேருக்கு பதிலா மெஷின் நம்பர் போடலாமான்னு கேட்டுப் பாக்கறேன். அந்தப் பையன்கிட்ட இனி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றப்போ பேசறேனுங்க, அங்க யாரும் இல்ல.

லேத்து_மாமா:
பஸ்ல பேசறது சரி, ஆனா இன்க்ரிமென்ட் பேச்ச அதுல கலந்துராதீங்க.