நவம்பரோடு என் மகளின் வேலை முடிகிறது. அரசாங்கத்தால் இதை நிரந்தரமாகத் தர முடியாதா?

கேள்வி: சாட்ஸ்வர்த் தையல்காரி

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து 1997ல் கல்யாணமாகி இங்கே வந்தவள். மறு வருஷமே மாமியார் என்னைத் தன்னோடு துணி ஃபாக்டரிக்குக் கூட்டிப் போனார். முப்பது வருஷம் சட்டைக்குக் காலர் வைத்த கை அவருடையது. எனக்கு ஓவர்லாக் மெஷின். முதலில் வெள்ளிக்கிழமை வேலை நின்றது, பிறகு வியாழனும் நின்றது. இங்கே அதை ஷார்ட் டைம் என்பார்கள். 2003ல் ஒரு காலை போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி. 1995லிருந்து துணிக்கான இறக்குமதி வரியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சீனத்திலிருந்து வந்த சட்டையின் விலையில் எங்களால் துணி வாங்கக்கூட முடியாது. எங்கள் தெருவில் மட்டும் பதினொரு பெண்கள் அப்படி வீட்டுக்குத் திரும்பினோம்.

இப்போது மகள் முறை. மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், நல்ல மார்க். அதன்பின் மூன்று வருஷம் வீட்டில் இருந்தாள். வருமானம் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் கிராண்ட், மாதம் 370 ரேண்ட் வந்தது. 2020ல் கொரோனா சமயத்தில் 350 என்று தொடங்கியதே, அதுதான். வேலை கேட்டுப் போகிற டாக்ஸிக்கே அது சரியாகிவிடும். போன ஜூனில் அரசாங்கத்தின் இளைஞர் வேலைத் திட்டத்தில் பள்ளி உதவியாளராக எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு ஜூலு பையன், புத்தகத்தைத் திறந்ததும் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவானாம். இவள் ஒரு அட்டையால் படத்தை மறைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கவைத்தாள். மூன்று மாதத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தானாகப் படித்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து என்னிடம் சொன்னாள். மூன்று வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

நவம்பர் 30ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. 2021ல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 100க்கு 81 பேருக்குப் படித்ததன் பொருள் புரியவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியானால் செய்யவேண்டிய வேலை இருக்கிறது, செய்ய ஆளும் இருக்கிறது. நடுவில் எது தடுக்கிறது? படித்தவர்கள் விளக்குங்கள்.

பதில்: ஜோபர்க் கணக்கர்

அக்கா, உங்கள் மகள் செய்வது நல்ல வேலை. நான் வரிக் கணக்குப் பார்ப்பவன், தடுப்பது எது என்று சொல்கிறேன். அரசுக்கு வரும் ஒவ்வொரு ரேண்டிலும் 20 சென்டுக்கு மேல் கடன் வட்டிக்கே போகிறது. வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லோரையும் சேர்த்தால் மூன்றில் ஒருவருக்கு வேலையில்லாத நாட்டில் வரி கட்டுகிறவர்களும் குறைவு. லட்சக்கணக்கான இளைஞர்களை ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம், அவர்களையே ஓய்வு பெறும்வரை வைத்துக்கொள்ள எங்கிருந்து எடுப்பது?

தனியார் தொழிலும் இருக்கும், மக்களை அரசும் தாங்கும் என்கிற சமூக ஜனநாயகம் என்றால் எல்லோரும் ஸ்வீடனைக் காட்டுவார்கள். அங்கே எல்லோரையும் அரசே வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 1951ல் தொழிற்சங்கத்தின் பொருளாதார நிபுணர்கள் ரேனும் மெய்ட்னரும் கொடுத்த திட்டம் வேறு. நலிந்த ஆலை மூடினால் மூடட்டும், அந்தத் தொழிலாளிக்கு அரசு பயிற்சி கொடுத்து, இடம் மாறச் செலவும் கொடுத்து, நன்றாக ஓடுகிற ஆலைக்கு அனுப்பும். அதற்கு முதலில் நன்றாக ஓடுகிற ஆலைகள் வேண்டும். நம்மிடம் அதுதான் இல்லை.

பதில்: மாரிட்ஸ்பர்க் பெரியவர்

தம்பி, கணக்கு சரி. ஆனால் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு வேலை கொடுக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1924ல் ஹெர்ட்சாக் பிரதமராக ஆட்சிக்கு வந்ததும் ‘நாகரிகத் தொழிலாளர் கொள்கை’ என்று கொண்டுவந்தார்கள். வயலை இழந்து நகரத்துக்கு வந்த ஏழை வெள்ளையர்களை ரயில்வேயில் வைத்தார்கள். கூலி வேலைக்கே வெள்ளையருக்குக் குடும்பம் நடத்தும் சம்பளம். அந்த இடத்தில் இருந்த கறுப்பர்களையும் நம் இந்திய ஆட்களையும் வெளியே தள்ளினார்கள். 1928ல் இஸ்கோர் இரும்பாலையை அரசே தொடங்கியது. அந்த வெள்ளையர்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறையில் வறுமையிலிருந்து ஏறிவிட்டார்கள். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அன்றைக்கு அதைத் தடுக்கவில்லை. இவர்கள் நம்மவர்கள், பட்டினி கிடக்கக்கூடாது என்று அந்த அரசு முடிவு செய்தது. அவ்வளவுதான்.

என் தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டினார். கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பான மேகசின் பாராக்ஸில் ஒரே அறையில் ஒன்பது பேர். சம்பளம் சொற்பம், மரியாதை அதைவிடச் சொற்பம். இருந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற அந்த ஒரு உறுதியில் என் அப்பா பள்ளிக்கூடம் போனார். 1955ல் ஜோபர்க் பக்கம் கிளிப்டவுனில், நிறவெறியை எதிர்த்தவர்கள் கூடி நிறைவேற்றிய சுதந்திரச் சாசனத்தில் வேலையும் பாதுகாப்பும் இருக்கும் என்று எழுதினார்கள். 1994க்குப் பிறகு அரசியல் சட்டத்தில் சமூகப் பாதுகாப்புக்கு உரிமை வந்தது, வேலைக்கு வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. அரசு மின்சாரக் கம்பெனி எஸ்காமின் கடனில் 254 பில்லியன் ரேண்டைத் தானே சுமப்பதாக 2023 பட்ஜெட்டில் அரசு சொன்னது. வேண்டும் என்றால் பணத்துக்கு வழி பிறக்கிறது, தம்பி.

பதில்: திருவாரூர் டு பீனிக்ஸ்

அக்கா, நூறு நாள் வேலை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2005ல் சட்டம் வந்தது. என் அம்மா ஊரில் வாய்க்கால் தூர்வாரப் போனார். பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார் அந்த அட்டையை. கூலி தாமதமாகும், அளவு குறைத்துப் போடுவார்கள், எல்லாம் உண்டு. ஆனால் வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அதனால் அம்மா பஞ்சாயத்து ஆபீசில் நின்று சத்தமாகக் கேட்பார்.

இங்கே 2004ல் விரிவுபடுத்திய பொதுப்பணித் திட்டம் வந்தது. பிறகு இந்தியாவைப் பார்த்து, மாதம் எட்டு நாள் வேலை தரும் சமூகப் பணித் திட்டமும் வந்தது. இரண்டுமே திட்டங்கள்தான், சட்டப்படி உரிமை இல்லை. கூலியும் குறைவு. 2019ல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20 ரேண்ட் என்று வந்தபோது பொதுப்பணி ஆட்களுக்கு 11 என்றுதான் வைத்தார்கள். எங்கள் வார்டில் யாருக்கு வேலை என்ற பட்டியல், விண்ணப்பம் வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. உரிமை என்று இருந்திருந்தால் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: சாட்ஸ்வர்த் தையல்காரி

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பெரியவர் எழுதிய மேகசின் பாராக்ஸ் வந்ததும், இன்னொரு தடவை படி என்றார். அவர் பிறந்ததும் அங்கேதான், அறுபதுகளில்தான் இங்கே குடியேற்றினார்களாம்.

கணக்கர் தம்பி, ஸ்வீடன் கதையைப் படித்து எனக்கு அழுகை வந்தது. ஃபாக்டரி மூடினால் மூடட்டும், தொழிலாளியைக் கைவிடாதே என்பதுதானே அதன் பொருள்? எங்கள் கேட்டில் சங்கிலி விழுந்த அன்று பயிற்சி என்று யாரும் வரவில்லை. ஆறு மாதம் யூஐஎஃப், அதாவது வேலை இழந்தவர்களுக்கான காப்பீட்டுப் பணம் வாங்கினோம், தீர்ந்தது. என் பக்கத்து மெஷின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சட்டைக் கையின் கஃப் தைப்பார். அதன்பின் அந்தக் கை தெருமுனையில் சமோசா மட்டும் மடித்தது. வரியைக் குறைத்த பாதியை மட்டும் செய்துவிட்டு மறு பாதியை விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பணம் அளவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மகளையே வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வராந்தா நாற்காலியை எடுக்காதீர்கள் என்று கேட்கிறேன். இவள் போனால் இன்னொரு பிள்ளை வந்து உட்காரட்டும், நடுவில் ஒரு மாதம்கூட விடாமல்.

திருவாரூர் தம்பி, உங்கள் அம்மா மாதிரி சத்தமாகக் கேட்க ஒரு சட்டம் இங்கே இல்லை. இருந்தாலும் வரும் வியாழன் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டம் இருக்கிறது, பெற்றோரும் பேசலாம். மகள் ஒவ்வொரு பிள்ளையும் ஜூனில் எத்தனை சொல் படித்தது, இப்போது எத்தனை படிக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இருபத்து மூன்று பிள்ளைகள். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறேன். கல்வித் துறைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுத வேண்டும். பெரியவர் ஐயா, அந்த ரயில்வே விஷயத்தை நாலு வரியில் இங்கிலீஷில் எழுதித் தருவீர்களா? அதையும் சேர்க்க வேண்டும்.